வீட்டுக்கு நல்ல சாமான் எது?

ஒரு குடும்பம் முன்னேறியிருக்கிறதா என்று அறிய விரும்புபவர் அந்த வீட்டின் குசினிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். முன்விறாந்தையில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கலாம். தவணைக்கு எடுத்த மோட்டார் சைக்கிள் முற்றத்தில் நிற்கலாம். ஆனால் பின்பக்கத்தில் மூன்று கல்லை வைத்து, ஈரவிறகை ஊதி ஊதி, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு தாய் சமைத்துக்கொண்டிருப்பாராயின், அந்த வீட்டுக்கு அபிவிருத்தி இன்னும் வந்துசேரவில்லை என்றே நாம் கொள்ளவேண்டும்.

எமது கிராமங்களில் இன்று வீட்டுச் சாமான்களுக்குக் குறைவில்லை. லொறியில் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் கூவி விற்கிறார்கள். தவணை அட்டையோடு முகவர்கள் படலையடிக்கு வருகிறார்கள். தொண்டு நிறுவனங்களும் தம் பங்குக்குப் பொதி பொதியாகக் கொடுத்திருக்கின்றன. இவற்றின் நடுவே, கிராமங்களில் பணிபுரியும் எம்மைப் போன்றவர்களிடம் மக்கள், "இதை வாங்கலாமா, சுவாமி? அது நல்லதா?" என்று கேட்கிறார்கள். சிறிய கேள்விபோலத் தோன்றும். ஆனால் கூலிவேலை செய்யும் ஒரு குடும்பம் பெரிய சாமான் ஒன்றை அடிக்கடி வாங்குவதில்லை. வாங்கிய ஒன்று உதவாமற் போனால் அடுத்ததற்கு வெகுகாலம் காத்திருக்கவேண்டும். ஆகவே ஒரு சாமானைப் பிறருக்குச் சிபாரிசு செய்வது பொறுப்புள்ள காரியம்.

எமது கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். பாவிப்பவரின் உடல் வருத்தத்தைக் குறைப்பதும், ஊருக்குள்ளேயே திருத்தக்கூடியதும், வீட்டைக் கடனில் விழுத்தாததுமான சாமானே நல்ல சாமான். இந்த மூன்றும் இல்லாத ஒன்று எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை நாம் சிபாரிசு செய்யக்கூடாது.

கடனோடு வரும் சாமான்

தவணைக் கணக்கை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். கையிற் காசு கொடுத்தால் 60,000 ரூபாவுக்குக் கிடைக்கும் ஒரு சலவை இயந்திரத்தை மாதம் 4,500 ரூபா வீதம் 20 மாதங்களுக்கு எடுத்தால், கட்டி முடிக்கும்போது 90,000 ரூபா போயிருக்கும். அதாவது ஒன்றரை இயந்திரத்தின் விலைக்கு ஓர் இயந்திரம். முகவர் மாதத் தவணையை மட்டுமே சொல்லுவார். கூட்டுத்தொகையைக் கேட்கும் பழக்கம் எம்மவரிடம் இல்லை.

தவணை கட்ட முடியாதபோது அடுத்த கடன் வருகிறது. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கடன்கள் பெண்களின் கழுத்தை நெரித்த வரலாறு எல்லோரும் அறிந்ததே. 2018ஆம் ஆண்டில் அரசாங்கமே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபா வரையிலான கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவும், வருட வட்டிக்கு 35 சதவீதம் என எல்லை விதிக்கவும் நேர்ந்தது. எல்லையே 35 என்றால், அதற்கு முன் வாங்கப்பட்ட வட்டி எவ்வளவு என்பதை நாமே ஊகிக்கலாம். இந்தக் கடன்கள் யாவும் வீட்டுச் சாமானுக்காக எடுக்கப்பட்டவையல்ல. ஆயினும், தவணைச் சாமான் கடன்பட்ட வீட்டின் பாரத்தை மேலும் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

மாதர் சங்கக் கூட்டங்களில் நாம் ஐந்து கேள்விகளைக் கேட்கும்படி சொல்லிவருகிறோம். எந்தச் சாமானுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது, இதைக் கையால் பாவிக்கப்போகிறவர் யார்? அவர் இதைக் கேட்டாரா? குசினிச் சாமானைத் தீர்மானிப்பவர் ஆணாகவும் பாவிப்பவர் பெண்ணாகவும் இருப்பதாலேயே பல சாமான்கள் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

இரண்டாவது, பழுதடைந்தால் எங்கே திருத்துவது? திருத்துபவர் எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறார்? உதிரிப்பாகம் பக்கத்துச் சந்தையிற் கிடைக்குமா?

மூன்றாவது, இதற்கு மாதாமாதம் தீனி என்ன? மின்சாரம், எரிவாயு, பற்றரி, வடிகட்டும் துண்டு என்று ஒவ்வொரு சாமானும் ஏதோவொன்றைத் தின்னும். வாங்கும் விலை ஒருமுறைதான், தீனி என்றைக்கும்.

நான்காவது, இது எதை மிச்சப்படுத்துகிறது? நேரத்தையா, விறகையா, காசையா, இடுப்புநோவையா? எதையும் மிச்சப்படுத்தாதது அலங்காரப் பொருளே.

ஐந்தாவது, மின்சாரமோ எரிவாயுவோ நின்றுபோனால் இது என்ன செய்யும்? 2022இல் நாம் எல்லோரும் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தோம். அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் மின்சாரம் நின்றது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,500 ரூபாவுக்குட்பட்டிருந்த 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் அதைப் பெற வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. விறகடுப்பை இடித்துவிட்ட வீடுகள் அந்நாட்களில் முற்றத்தில் கல்லை அடுக்கிச் சமைத்தன.

அடுப்பு

இந்த ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை கூறும் சாமான்களில் முதலிடத்தை நாம் மண் அடுப்புக்கே கொடுப்போம். சந்தைகளில் 'அனகி' என்ற பெயரில் விற்கப்படும் இரட்டை அடுப்பைப் பலர் கண்டிருப்பீர்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு மிகச் சிறந்தது என்று பொருள். ஒரே துண்டாகச் சுட்ட மண்ணால் ஆனது. முன்னால் உள்ள வாயில் விறகை வைத்தால் முதற் பானைக்கு நேரே சுவாலை பிடிக்கும். அங்கிருந்து வெளியேறும் சூடு ஒரு வழியால் இரண்டாவது பானைக்குப் போகும். சோறு கொதிக்கும் நெருப்பிலேயே பக்கத்தில் பருப்பும் வேகும். மூன்று கல் அடுப்போடு ஒப்பிடுகையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு விறகு மிச்சமாகும்.

இந்த அடுப்பின் வரலாற்றில் எமக்கு ஒரு பாடம் உண்டு. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் நாட்டில் திருத்திய அடுப்புகள் மானியத்தோடு வீடு வீடாகக் கொடுக்கப்பட்டன. திட்டமும் மானியமும் உள்ளவரைதான் அப்படிக் கொடுக்க முடியும். சந்தைக்கு வந்த அனகி வேறு வழியிற் சென்றது. குயவர்களுக்கு அளவும் அச்சும் பழக்கப்பட்டன. அவர்கள் செய்தார்கள், வியாபாரிகள் விற்றார்கள், மக்கள் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். திட்டங்கள் முடிந்த பின்னரும் அடுப்பு இலட்சக்கணக்கில் விற்பனையாகி நிலைத்துவிட்டது. இலவசமாகக் கிடைத்த அடுப்புக்குள் கோழி அடைகாத்ததை நாம் கண்டிருக்கிறோம். காசு கொடுத்து வாங்கிய அடுப்புக்குள் கோழியை எந்த வீட்டுக்காரியும் விடமாட்டார்.

வாங்குபவர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. அடுப்பை வெறுமனே நிலத்தில் வைத்துப் பாவித்தால் விரைவில் வெடிக்கும். புற்றுமண் அல்லது களிமண்ணோடு உமி, சாணம் கலந்து பிசைந்து சுற்றிவரக் கட்டினால் சூடும் வீணாகாது, அடுப்பும் நெடுநாள் இருக்கும். விறகைப் பிளந்து, காயவைத்து, மெல்லியதாக வைக்கவேண்டும். பெருங்கட்டையைச் செருகினால் பழைய அடுப்பின் புகைதான் மிஞ்சும். அடுப்பு புகையைக் குறைக்கும், இல்லாமற் செய்யாது. எனவே அடுப்புக்கு மேலே கூரையில் புகைபோக்கியோ, எதிரெதிராக இரண்டு யன்னல்களோ அவசியம். வீட்டுக்குள்ளான புகையினால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தாய்மாரும் அவர்களின் மடியிலிருக்கும் பிள்ளைகளுமே இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள்.

எரிவாயு அடுப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புகையில்லாத அடுப்பு தாய்மாருக்குப் பெரிய விடுதலை. வசதியுள்ளவர்கள் வைத்திருக்கட்டும். ஆனால் 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களில் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்ததை மறத்தலாகாது. குழாயையும் இணைப்பையும் சவர்க்கார நுரை பூசிப் பரிசோதிக்கப் பழகவேண்டும். குமிழி வந்தால் கசிவு உண்டு. விறகடுப்பும் ஒரு மூலையில் ஆயத்தமாக இருக்கட்டும்.

கடகத்துக்குள் ஒரு அடுப்பு

காசே செலவில்லாத ஒரு கருவியையும் சொல்லுகிறோம். பெரிய பனையோலைக் கடகம் ஒன்றை எடுங்கள். அடியிலும் சுற்றிவரவும் நான்கு விரல் தடிப்புக்குக் காய்ந்த வைக்கோலையோ பழைய சேலைத்துணியையோ அடையுங்கள். நடுவில் பானை இறுக்கமாக இருக்கக் குழி விடுங்கள். மேலே மூடுவதற்கு வைக்கோல் அடைத்த தலையணை ஒன்று தையுங்கள்.

முதல்நாள் இரவு ஊறவிட்ட பயறையோ கடலையையோ அடுப்பில் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வையுங்கள். மூடியைத் திறவாமல் அப்படியே இறக்கிக் கடகத்துக்குள் வைத்து மூடிவிடுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் நெருப்பின்றியே வெந்திருக்கும். அரிசியும் அப்படியே, தண்ணீரைச் சற்றுக் குறைத்து வைக்கவேண்டும். வயலுக்கோ தோட்டத்துக்கோ போகும் தாய் காலையில் கொதிக்கவைத்துவிட்டுப் போனால் வந்ததும் சுடுசோறு எடுக்கலாம். அடுப்படியில் யாரும் காவல் இருக்கத் தேவையில்லை, அடிப்பிடிக்கவும் மாட்டாது. இறைச்சி, மீன் கறிகளை இவ்வாறு வைத்தால் உண்ணுமுன் மீண்டும் கொதிக்கவைக்கவேண்டும். எதையும் இரவு முழுவதும் உள்ளே விடலாகாது.

கடகம் இழைப்பவர் ஊரிலேயே இருக்கிறார். வைக்கோலும் ஊரிலேயே இருக்கிறது. பழுதடைவதற்கு இதில் ஒன்றுமில்லை.

விளக்கு

மின்சாரம் இன்று ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஆயினும் தோட்டக்குடிசையிலும் மீன்வாடியிலும் மின்தடை நாட்களிலும் போத்தல் விளக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. 1990க்குப் பின் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, சிறிதளவு எண்ணெய் விட்டு, சிறு திரியில் எரித்துப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிள் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இல்லாமை கற்பித்த அந்தக் கெட்டித்தனம் எமது மக்களின் சொத்து.

ஆனால் சாதாரண போத்தல் விளக்கு ஆபத்தானது. உயரமான மெல்லிய போத்தல் தட்டுப்பட்டால் விழும், உருளும், உடையும்; எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். தீக்காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதற்கொரு வழி தேடினார். மார்மைட் போத்தலின் வடிவத்தைப் பார்த்து, குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடி விளக்கொன்றை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இரண்டு பக்கம் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திருகி மூடும் உலோக மூடியால் எண்ணெய் வெளியே கொட்டாது. 'சுதீபா' என்ற அந்த விளக்குக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பெரிய விஞ்ஞானம் எதுவும் அதில் இல்லை. விளக்கு ஏன் விழுகிறது என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்ததன் பயனே அது.

இன்று எமது முதற் சிபாரிசு சூரிய ஒளியில் ஏறும் சிறு விளக்கு. அதன் தீனி வெயில். எமது பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாங்கும்போது பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடியதா என்று திறந்து பாருங்கள். ஒட்டி மூடியதாயின், பற்றரி செத்ததும் விளக்கும் குப்பைக்குத்தான். மின்சாரமுள்ள வீடுகளில் பழைய 60 வாற் குமிழுக்குப் பதிலாக 9 வாற் எல்.ஈ.டி. குமிழைப் போட்டால் வெளிச்சம் குறையாது. அந்தக் குமிழுக்கான மின்செலவு ஆறிலொரு பங்கிலும் குறைந்துவிடும். மண்ணெண்ணெய் விளக்கு வேண்டுமென்றால் குட்டையானதாக, மூடி திருகுவதாக இருக்கட்டும்.

வேறு சில

அமுக்கச் சமையற்பானை, அதாவது குக்கர், காசுக்குத் தகுந்த சாமான். உள்ளே அமுக்கம் கூடுவதால் தண்ணீர் 120 பாகை செல்சியஸ் அளவிற் கொதிக்கிறது. ஆகவே கடலையும் இறைச்சியும் விரைவில் வேகின்றன. வாஷரும் பாதுகாப்பு வால்வும் பட்டினக் கடைகளிற் கிடைக்கும் வகையையே வாங்குங்கள். நிறை வைக்கும் துளையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவேண்டும். அது அடைபட்டால் ஆபத்து.

மேசையில் பூட்டிக் கைபிடியைச் சுற்றும் தேங்காய்த் திருவலையை முழங்கால் நோவுள்ள வயதான தாய்மாருக்கு வாங்கிக் கொடுங்கள். நிலத்திலிருந்து திருவும் பழைய திருவலை பிழையானதல்ல. இருந்து எழும்பும் வேதனைதான் பிழை.

கத்தி, மண்வெட்டி, கோடரி ஆகியவற்றுக்கு ஒரு அரமும் ஒரு சாணைக்கல்லும் எந்த வீட்டிலும் இருக்கவேண்டும். மொட்டைக் கத்தி கையையும் வெட்டும், நேரத்தையும் தின்னும். தகடு வெட்டிய மலிவான மண்வெட்டியைவிட எமது கம்மாலையில் அடித்தது சற்று விலை கூடினாலும் பலவருடம் உழைக்கும். கொல்லரின் பட்டறை அணையாமல் இருக்கவும் அது உதவும்.

குடிதண்ணீருக்கு விலையுயர்ந்த வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், "இது எதை வடிகட்டும்?" என்று கேளுங்கள். கிருமிதான் பிரச்சினையென்றால் தண்ணீரைக் கொதிக்கவைப்பது போதும். தெளிந்த தண்ணீரை நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் கிடத்தினாலும் கிருமிகள் அழியும். முகிலான நாட்களில் இரண்டு நாள் வேண்டும். ஆனால் யாழ்ப்பாணக் கிணறுகளில் உரத்தால் சேரும் நைத்திரேற்றையோ, வரண்ட வலயத்துக் கிணறுகளின் புளோரைட்டையோ இவை இரண்டும் நீக்கமாட்டா. அதற்கு முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கவேண்டும். பரிசோதிக்காமல் வாங்கும் வடிகட்டி, நோய் தெரியாமல் விழுங்கும் மருந்து போன்றது.

யாருடைய தேவை முதலாவது?

பழையன எல்லாம் நல்லவை என்று நாம் வாதாடவில்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்தரைத்துத் தோள் இறங்கிய தாய்மாரிடம் போய் அம்மியின் பெருமையைப் பேசுபவர், ஒரு கிழமை தாமே அரைத்துப் பார்க்கட்டும். அரைக்கும் இயந்திரம் நல்லது. அதைத் திருத்த ஊரில் ஆள் இருக்கவேண்டும் என்பதே எமது வாதம்.

'சிறியதே அழகு' என்ற நூலை 1973இல் எழுதிய பொருளியலாளர் ஷூமாக்கர், ஏழை மக்களுக்குத் தேவையான கருவி அவர்களின் பழைய கருவியைவிடத் திறமானதாகவும், பெருந்தொழிற்சாலைக் கருவியைவிட மலிவானதாகவும் இருக்கவேண்டும் என்று வாதிட்டார். 1966இல் அவர் தொடங்கிவைத்த அமைப்பு பின்னாளில் இலங்கையில் அனகி அடுப்பைப் பரப்புவதிலும் பங்கெடுத்தது. எமது கிராமத்தில் இந்த இடைநிலைக்குச் சிறந்த உதாரணம் சைக்கிள். அதைச் சந்திக்குச் சந்தி திருத்துகிறார்கள். அது தண்ணீர்க் குடத்தையும் விறகையும் நோயாளியையும் ஏற்றியிருக்கிறது. கடனுக்கு அது எவரையும் அடிமையாக்கியதில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. வீட்டில் காசு சேர்ந்தால் முதலில் வருவது ஆண்கள் விரும்பும் சாமான். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் முறை கடைசியாகவே வரும். விறகு பொறுக்கப் போகும் நேரத்துக்கும், புகையால் வரும் இருமலுக்கும் யாரும் விலை போடுவதில்லை. அதனால் அவை இலவசம் என்று எண்ணிக்கொள்கிறோம். ஒரு வீட்டின் செலவுக் கணக்கில் தாயின் உடம்பையும் ஒரு வரியாக எழுதினால், வாங்கும் சாமான்களின் வரிசை தலைகீழாக மாறும்.

செய்யக்கூடியது

மூன்று காரியங்களை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் முன் வைக்கிறோம்.

ஒன்று, பரீட்சித்துப் பார்த்தல். புதிய சாமான் எதையும் சங்கம் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, மூன்று நான்கு வீடுகளுக்கு ஒவ்வொரு மாதம் இரவலாகக் கொடுக்கட்டும். பாவித்த பெண்கள் கூட்டத்தில் எழுந்து நல்லதையும் கெட்டதையும் சொல்லட்டும். விற்பவரின் பேச்சைவிட அயல்வீட்டுப் பெண்ணின் சொல் பெறுமதியானது.

இரண்டு, பொதுச் சாமான் அறை. ஏணி, மருந்து தெளிகருவி, கொண்டாட்டத்துக்கான பெரிய கிடாரம், கைவண்டில் போன்றவை வருடத்தில் சில நாட்களே தேவைப்படுபவை. வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண். சங்கம் வாங்கி, சிறு வாடகைக்குக் கொடுத்து, அந்தக் காசில் அவற்றைத் திருத்தி வைத்திருக்கலாம். ஒரு கொப்பியும் பொறுப்பான ஒருவரும் போதும்.

மூன்று, திருத்துபவர்கள். தையல், கணினி என்று எத்தனையோ வகுப்புகள் நடத்துகிறோம். அடுப்பு கட்டவும், குக்கர் வால்வு மாற்றவும், சூரிய விளக்கின் பற்றரியைப் பொருத்தவும், அரைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும் கிராமத்துக்கு இரண்டு இளைஞரையும் இரண்டு யுவதிகளையும் ஏன் பழக்கக்கூடாது? அவர்களுக்கும் தொழில் கிடைக்கும், ஊரின் காசும் ஊருக்குள் சுழலும்.

தொண்டு நிறுவனங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்த சாமான்களின் எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுகிறீர்கள். ஒரு வருடம் கழித்து மீண்டும் அதே வீடுகளுக்குப் போய், பாவனையில் உள்ளவை எத்தனை, மூலையில் கிடப்பவை எத்தனை என்றும் எழுதுங்கள். அந்த இரண்டாவது எண்ணே உங்கள் வேலையின் அளவு.

வாங்குபவர்கள் அடுத்தமுறை தவணை அட்டையில் கையெழுத்து வைக்குமுன் முகவரைச் சற்று இருத்திவைத்து, கூட்டுத்தொகை எவ்வளவு, திருத்துபவர் எங்கே என்ற இரண்டு கேள்விகளையாவது கேட்கட்டும். விடை சொல்லத் தயங்குபவரின் சாமான் எமக்கு வேண்டாம்.